கைமாறிச் செல்லும் இருபது ரூபாய்: ஆல்ஃப்ரெட் ஷூட்ஸும் நிகழ்வியல் சமூகவியலும்

சமூகவியல் பற்றிய பேச்சில் ‘நிகழ்வியல்’ (பொருள்கள் நம் உணர்வுக்கு எவ்வாறு தோன்றுகின்றன என்பதை விவரிக்கும் ஆய்வுமுறை) என்ற சொல் வரும்போதெல்லாம் இரண்டு பிழைகளில் ஒன்று கூடவே வந்துவிடுகிறது. ‘அவரவர் அனுபவமே அவரவருக்கு உண்மை’ என்றுதான் நிகழ்வியல் சொல்கிறது என்பது முதல் பிழை. ‘பணம், குடும்பம், சாதி எல்லாமே சமூகம் கட்டியவை, ஆகவே அவை வெறும் கற்பனை’ என்று அது நிறுவிவிட்டது என்பது இரண்டாவது. இத்துறைக்கு அடித்தளமிட்ட ஆல்ஃப்ரெட் ஷூட்ஸ் இந்த இரண்டையுமே சொன்னவர் அல்லர். அவருடைய கேள்வி கேட்க எளியது, விடை சொல்லக் கடினமானது: ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர் புகுந்து பார்க்க வழியே இல்லாதபோது, நாம் எல்லோரும் ஒரே உலகில்தான் வாழ்கிறோம் என்று எப்படி இவ்வளவு உறுதியாக நம்பி அன்றாடத்தை நடத்துகிறோம்? அந்தக் கேள்வியை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் ஷூட்ஸின் கல்வி வாழ்க்கையில் பெரும்பகுதி கல்விக்கூடத்துக்கு வெளியேதான் நடந்தது.

## நெரிசலான பேருந்தில்

சென்னையில் மாலை நேரப் பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்வாசல் வழியாக ஏறிய ஒருவர் கூட்டத்தில் நகர முடியாமல் நிற்கிறார். நடத்துநரோ பின்வாசல் அருகே இருக்கிறார். இவர் இருபது ரூபாய்த் தாளைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி, ‘சைதாப்பேட்டை ஒண்ணு, பாஸ் பண்ணுங்க’ என்கிறார். தாள் நான்கைந்து கைகள் மாறிப் போகிறது. சற்று நேரத்தில் சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வந்துவிடுகின்றன.

இதில் யாருக்கும் யாரையும் தெரியாது. பணத்தை வாங்கியவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். யாரும் அப்படிச் செய்வதில்லை என்பதைவிட, செய்வாரோ என்ற ஐயமே யாருக்கும் எழுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பணத்தை நீட்டியவருக்குத் தம் முன்னால் நிற்கும் தனிமனிதரின் குணம், பெயர், ஊர் எதுவும் தேவைப்படவில்லை. ‘சக பயணி’ என்ற ஒரு வகை போதுமானதாக இருந்தது. ‘நடத்துநர்’ என்பதும் அப்படியே. முன்பின் தெரியாத ஒருவரை இத்தகைய வகையின் வழியாகப் புரிந்துகொண்டு, அந்த வகையினர் செய்வதை அவரும் செய்வார் என்று எதிர்பார்ப்பதை ஷூட்ஸ் வகைமையாக்கம் என்று அழைத்தார். அவர் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி பேருந்தில் நடந்தது அன்று, தபால்பெட்டியில் நடந்தது. கடிதத்தைப் பெட்டியில் போடும்போது, நாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத தபால் ஊழியர்கள் பலர் தமக்குரிய வேலையைச் செய்வார்கள் என்று கணக்கிட்டே போடுகிறோம் என்றார் அவர்.

இந்த வகைகளை நாம் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்துகொள்வதில்லை. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தெருவிலும் பெற்றவை சேர்ந்து ஒரு கையிருப்பாக நம்மிடம் கிடக்கின்றன. சொந்த அனுபவத்தில் விளைந்தது அதில் சிறு பகுதிதான். இதற்கு ஷூட்ஸ் இட்ட பெயரைத் தமிழில் கையிருப்பு அறிவு எனலாம். சமையல் குறிப்புகளில் ‘உப்பு – தேவையான அளவு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். தேவை எவ்வளவு என்று குறிப்பு சொல்வதில்லை. படிப்பவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. அன்றாட வாழ்க்கை முழுவதும் இத்தகைய ‘தேவையான அளவு’களால் நிரம்பியிருக்கிறது. ஷூட்ஸும் இவ்வகை அறிவைச் சமையல் குறிப்பு அறிவு என்றே குறிப்பிட்டார்.

## நிகழ்வியல் என்ற சொல்

ஆங்கிலத்தில் ஃபினாமினாலஜி என்று வழங்கும் நிகழ்வியல், ஜெர்மானியத் தத்துவ அறிஞர் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் உருவாக்கிய ஆய்வுமுறை. பொருள்கள் உண்மையில் எப்படி இருக்கின்றன என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவை நம் உணர்வுக்கு எவ்வாறு தோன்றுகின்றன என்பதைக் கூர்ந்து விவரிப்பது அதன் வழி. இப்படி ஒதுக்கி வைப்பதற்கு, உலகம் இருக்கிறது என்ற நம் இயல்பான நம்பிக்கையைத் தத்துவவாதி தற்காலிகமாக அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்றார் ஹுஸ்ஸர்ல்.

ஷூட்ஸ் இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார் என்பதே என் கணிப்பில் அவருடைய மிக அழகான நகர்வு. தத்துவவாதி நம்பிக்கையை அடைப்புக்குறிக்குள் இடுகிறார் என்றால், சாதாரண மனிதர் தம் ஐயத்தை அடைப்புக்குறிக்குள் இடுகிறார். உலகம் தோன்றுவதுபோல் இல்லாமல் வேறு மாதிரி இருக்குமோ என்ற ஐயத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் நாம் பேருந்தில் ஏறுகிறோம். இந்த ஐயமற்ற நிலைக்கு இயல்பு மனப்பாங்கு என்று பெயர். அந்த நிலையில் நாம் எல்லோரும் பொதுவாக வாழும் உலகுக்கு வாழ்வுலகு என்று பெயர்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மனிதர்கள் வகைகளின் வழியாக ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள், அவ்வகைகள் பொதுவான கையிருப்பிலிருந்து வருகின்றன, அக்கையிருப்பு ஐயத்துக்கு உட்படாதவரை வாழ்வுலகு தடையின்றி இயங்குகிறது. இதில் தனிமனிதரின் அந்தரங்க உணர்வுக்குப் பெரிய இடம் இல்லை என்பதைப் பார்க்கலாம்.

## வியன்னாவில் ஒரு வங்கி அலுவலர்

ஷூட்ஸ் 1899 ஏப்ரல் 13 அன்று வியன்னாவில் பிறந்தார். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையின் பீரங்கிப் பிரிவில் இத்தாலிய முனையில் பணியாற்றித் திரும்பியபோது, அவர் எந்தப் பேரரசுக்காகப் போரிட்டாரோ அது கலைந்துபோயிருந்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் சட்டமும் சமூக அறிவியலும் பயின்றார். சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சனும் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீஸஸும் அவருடைய ஆசிரியர்களில் இருவர். 1921-இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் பல்கலைக்கழகப் பணிக்குச் செல்லவில்லை. முதலில் வங்கியாளர் சங்கம் ஒன்றிலும், பிறகு ரைட்லர் என்ற தனியார் வங்கி நிறுவனத்திலும் வேலை பார்த்தார். பகல் முழுவதும் ஒப்பந்தங்களும் கணக்குகளும். மாலையில் மீஸஸ் நடத்திய தனிக் கருத்தரங்கு. அதற்கு மேல் எஞ்சிய இரவில் எழுத்து. பகலில் வங்கியாளர், இரவில் நிகழ்வியலாளர் என்று ஹுஸ்ஸர்ல் அவரைப் பற்றிக் கூறியதாக ஒரு சொல் வழங்குகிறது. கருத்தரங்கில் உடனிருந்த நண்பர் ஃபெலிக்ஸ் காஃப்மன்தான் ஹுஸ்ஸர்லின் நூல்களை வாசிக்குமாறு அவரைத் தூண்டியவர்.

1932-இல் வியன்னாவில் ‘சமூக உலகின் பொருள்சார் கட்டமைப்பு’ என்று பெயர்க்கத்தக்க நூல் வெளிவந்தது. ஷூட்ஸ் வாழ்ந்த காலத்தில் அவர் வெளியிட்ட ஒரே நூல் அதுதான். அதைப் படித்துப் பாராட்டிய ஹுஸ்ஸர்ல், ஃபிரைபர்க்குக்கு வந்து தமக்கு உதவியாளராக இருக்குமாறு அழைத்தார். சொந்தக் காரணங்களால் ஷூட்ஸ் அதை ஏற்கவில்லை. ஆயினும் பலமுறை சென்று அவரைச் சந்தித்தார்.

## விறகு வெட்டுபவர் என்ன செய்கிறார்?

அந்த நூல் மாக்ஸ் வேபரிடமிருந்து தொடங்குகிறது. ஒருவர் தம் செயலுக்குக் கொள்ளும் பொருளைப் புரிந்துகொள்வதே சமூகவியலின் வேலை என்று வரையறுத்தவர் வேபர். ஒருவர் விறகு வெட்டுவதைப் பார்த்தவுடனேயே அவர் விறகு வெட்டுகிறார் என்று நமக்குப் புரிகிறது. கூலிக்கா, சொந்த வீட்டுக்கா, உடற்பயிற்சிக்கா என்பது அடுத்த கட்டப் புரிதல் என்றார் அவர்.

ஷூட்ஸ் இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறார். நம் கண்ணுக்குத் தெரிவது என்ன? கோடரி உயர்கிறது, இறங்குகிறது, மரம் பிளக்கிறது. அதை ‘விறகு வெட்டுதல்’ என்று பெயரிட்ட கணத்திலேயே நாம் நம் கையிருப்பிலிருந்து ஒரு வகையை எடுத்து அவர்மேல் பொருத்திவிட்டோம். அவருடைய பார்வையில் அந்தச் செயல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? கோடரியைத் தீட்டியதும் அதில் சேர்த்தியா? அதைத் தீர்மானிப்பது அவர் மனத்தில் முன்கூட்டியே வகுத்திருக்கும் திட்டம்தான். சமைப்பவர், கொதித்து இறக்கித் தாளித்தாகிவிட்ட சாம்பாரை மனத்தில் கண்ட பிறகே பருப்பைக் களைகிறார். செயல் நடக்கும் முன்பே அது முடிந்துவிட்டதாகக் கற்பனையில் பார்க்கிறார். இப்படி முடிந்ததாகக் காணப்பட்ட செயலே திட்டம். அந்தத் திட்டத்தின் நீளமே செயலின் நீளம்.

## ‘எதற்காக’ என்பதன் இரண்டு முகங்கள்

ஷூட்ஸின் வேறெந்தக் கருத்தையும்விட இது தமிழில் எளிதாக விளங்கும் என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

‘எதற்காக?’ என்று கேட்கும்போது நாம் இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கிறோம். ‘படிப்பதற்காகச் சென்னைக்கு வந்தான்’ என்பதும் ‘பொய் சொன்னதற்காகத் திட்டு வாங்கினான்’ என்பதும் அதற்குச் சரியான விடைகளே. முதலாவது இன்னும் நடவாததை நோக்கி முன்னால் பார்க்கிறது. இரண்டாவது நடந்து முடிந்ததை நோக்கிப் பின்னால் பார்க்கிறது. உருபு ஒன்றுதான், ‘படிப்பது’, ‘சொன்னது’ என்று காலம் மட்டும் மாறுகிறது. செயலுக்கு முன்னால் கிடக்கும் இலக்கை ஷூட்ஸ் பொருட்டு நோக்கம் என்றும், செயலுக்குப் பின்னால் கிடக்கும் கடந்தகாலத்தைக் காரண நோக்கம் என்றும் பிரித்தார். (இச்சொற்கள் என் தமிழாக்கம்.) ஜெர்மானிய மொழியிலும் ‘ஏனென்றால்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடி ஓடி உழைத்ததால்தான் அவர் இந்தப் பிரிவினையை வற்புறுத்த வேண்டியிருந்தது.

அவர் தந்த உதாரணம் குடை. ‘மழை பெய்வதால் குடையை விரித்தேன்’ என்கிறோம். மழை நேராகக் குடையை விரிப்பதில்லை. நனைந்தால் எப்படி இருக்கும் என்ற பழைய அனுபவம் ஒன்று பின்னால் இருக்கிறது. அது காரண நோக்கம். இப்போது நனையாமல் வீடு சேர வேண்டும் என்ற திட்டம் ஒன்று முன்னால் இருக்கிறது. அது பொருட்டு நோக்கம்.

இந்தப் பிரிவினையால் என்ன பயன் என்று கேட்டால், இரண்டு பயன்கள். செயலில் மூழ்கியிருப்பவருக்குத் தம் பொருட்டு நோக்கம் மட்டுமே தெரியும். காரண நோக்கம் தெரிய வேண்டுமானால் செயல் முடிந்தபின் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது இன்னொருவர் பார்க்க வேண்டும். ஆகவே ‘அவரவர் செயலின் பொருள் அவரவருக்கே முழுதும் தெரியும்’ என்பதை ஷூட்ஸ் ஏற்கவில்லை. நம் முதல் பிழை இங்கேயே விழுந்துவிடுகிறது. அடுத்தது, என் பொருட்டு நோக்கம் உங்கள் காரண நோக்கமாக மாறுவதால்தான் நாம் ஒருவரோடொருவர் பழக முடிகிறது. சீட்டு கிடைக்க வேண்டும் என்று நான் பணத்தை நீட்டுகிறேன். நான் நீட்டியதால் நடத்துநர் சீட்டைத் தருகிறார். கேள்வியும் பதிலும் இதே கொக்கியில்தான் மாட்டியிருக்கின்றன.

சுருக்கமாக: செயலைத் திட்டம் வரையறுக்கிறது, திட்டத்துக்கு முன்னால் ஒரு நோக்கமும் பின்னால் ஒரு நோக்கமும் உண்டு, ஒருவரின் முன்னோக்கு மற்றவரின் பின்னோக்காகப் பிணையும்போது சமூக உறவு பிறக்கிறது.

## அந்நியர்

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது ஷூட்ஸ் தொழில் நிமித்தம் பாரிஸில் இருந்தார். யூதக் குடும்பத்தவரான அவருக்கு வியன்னா மூடிவிட்டது. குடும்பம் பின்னர் பாரிஸில் அவரோடு சேர்ந்தது. 1939 ஜூலையில் எல்லோரும் நியூயார்க் சென்றனர். அங்கேயும் வங்கித் தொழில் தொடர்ந்தது.

1944-இல் வெளிவந்த ‘அந்நியர்’ என்ற கட்டுரையில் அவர் தம் கதையைச் சொல்லவில்லை; சொல்லாமலே அது முழுவதும் இருக்கிறது. புதிய சமூகத்துக்குள் வரும் ஒருவரிடம் ஒரு கையிருப்பு இருக்கிறது, ஆனால் அது வேறோர் ஊரில் செல்லுபடியானது. அங்கிருப்பவர்களுக்கு ஐயத்துக்கு இடமில்லாதவையெல்லாம் இவருக்கு ஐயத்துக்குரியவை. அவர்களுக்கு வீடாக இருக்கும் பண்பாடு இவருக்கு வழி தெரியாத சுற்றுப்பாதை. அகராதி இருந்தாலும் போதாது: ஒரு சொல்லுக்குச் சுற்றிலும் படிந்திருக்கும் கேலியும் செல்லமும் பழங்கதையும் அகராதியில் இல்லை.

அந்நியர் என்றால் நாடுவிட்டு நாடு வந்தவர் மட்டும் அல்லர் என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். படையில் சேரும் புதியவர், கல்லூரிக்கு வரும் உழவர் வீட்டுப் பிள்ளை, பெண் வீட்டாரிடையே அனுமதி பெற முயலும் மணமகன் என்று அவர் அடுக்குகிறார். நம் ஊரில் எழுதியிருந்தால் மணமகனை எடுத்துவிட்டு மருமகளை வைத்திருப்பார். புகுந்த வீட்டில் முதல் வாரம் காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை, யாரை எப்போது சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கவனித்துக் கற்ற பெண்ணைவிடத் தெளிவாக இக்கோட்பாட்டை விளக்கக்கூடியவர் இல்லை. மறு ஆண்டு ‘வீடு திரும்புபவர்’ என்ற கட்டுரை வந்தது. அது போர்முனையிலிருந்து ஊருக்கு வரும் சிப்பாய்க்கு, பழகிய ஊரே அந்நியமாகிப்போவதைப் பற்றியது.

## கல்விக்கூடத்தின் வாசலில்

அமெரிக்கச் சமூகவியலில் அப்போது வளர்ந்துவந்த பெரும் கோட்பாட்டாளர் ஹார்வர்டின் டால்காட் பார்சன்ஸ். அவருடைய 1937-ஆம் ஆண்டு நூலைப் பற்றி ஷூட்ஸ் நீண்ட மதிப்புரை ஒன்றை எழுதி, அச்சிடும் முன் அவரிடமே அனுப்பினார். தொடர்ந்து 1940–41-இல் கடிதங்கள் பறந்தன. பார்சன்ஸின் கோட்பாட்டுக்கு அடியில் இல்லாத அஸ்திவாரத்தைத் தாம் தருவதாக ஷூட்ஸ் நினைத்தார். தம் கட்டடத்தைக் குறை சொல்கிறார் என்று பார்சன்ஸ் எடுத்துக்கொண்டார். உரையாடல் கசந்து நின்றது; மதிப்புரை அப்போது வெளிவரவில்லை; கடிதங்கள் 1978-இல்தான் ஆங்கிலத்தில் நூலாயின. மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றியே இருவரும் எழுதிக்கொண்டிருந்தனர் என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

ஷூட்ஸுக்கு இடம் கொடுத்தது நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற உயர்கல்வி நிறுவனம். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அறிஞர்களுக்காக 1933-இல் அங்கே தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. ஷூட்ஸ் 1943-இல் பகுதிநேர விரிவுரையாளராகச் சேர்ந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முழுப் பேராசிரியரானது 1952-இல். வங்கிப் பணியை அதன் பிறகும் சில ஆண்டுகள் விடவில்லை. பணி உயர்வுக்காக எழுதும் கட்டாயம் இல்லாத மனிதர் என்பதாலோ என்னவோ, அவர் கட்டுரைகளின் பொருள்கள் எங்கெங்கோ அலைகின்றன: கனவும் நாடகமும் விளையாட்டும் எப்படித் தனித்தனி உலகங்களாக நிற்கின்றன என்று ஒன்று, செர்வாண்டஸின் ‘டான் கிஹோத்தே’ நாவல் பற்றி ஒன்று, சேர்ந்து இசைப்பவர்கள் சொல்லின்றி ஒருவர் காலத்தில் ஒருவர் எப்படிச் சுருதி சேர்கிறார்கள் என்று ஒன்று.

## கட்டப்பட்டது என்றால் பொய்யா?

நியூ ஸ்கூலில் ஷூட்ஸிடம் பயின்ற பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும் 1966-இல் யதார்த்தத்தின் சமூகக் கட்டுமானம் பற்றிய நூலை வெளியிட்டார்கள். நம் இரண்டாவது பிழை அந்த நூலின் தலைப்பை மட்டும் படித்தவர்களிடமிருந்து பரவியது என்று தோன்றுகிறது. மனிதர்கள் கூட்டாகச் செய்தது, செய்தவர்களுக்கு வெளியே நின்று அவர்களையே கட்டுப்படுத்தும் அளவுக்கு எப்படிக் கெட்டியாகிறது என்பதே அதன் கேள்வி. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, தாளின் மதிப்பு காகிதத்தில் இல்லை என்பது நமக்குத் தெரிந்தது. ‘என்னைப் பொறுத்தவரை இது செல்லும்’ என்று கடைக்காரரிடம் சொல்லிப் பயனில்லை என்பதும் அதே இரவில் தெரிந்தது. கட்டப்பட்டது என்பதும் உறுதியானது என்பதும் இங்கே ஒன்றுக்கொன்று பகை அன்று.

எவ்வளவு உறுதியானது என்பதைத் தட்டிப் பார்த்தவர் ஹரால்ட் கார்ஃபிங்கல். பார்சன்ஸின் மாணவரான அவர் ஷூட்ஸின் எழுத்துகளிலிருந்து தம் வழியை அமைத்துக்கொண்டார். தம் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, வாடகைக்குத் தங்கியிருப்பவர்போல் நடந்துகொள்ளச் சொன்னார்: கேட்டால் மட்டும் பேச வேண்டும், மரியாதையாகப் பேச வேண்டும். யாரும் யாரையும் திட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் பெற்றோர் திகைத்தார்கள். உடம்புக்கு என்ன, வேலை போய்விட்டதா, எங்கள்மேல் கோபமா என்று கேட்டார்கள். சிலர் எரிந்து விழுந்தார்கள். ‘அம்மா, தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று நாளை காலை நம் வீட்டில் கேட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஷூட்ஸ் ஓரமாக வைக்கப்பட்டதாகச் சொன்ன ஐயத்தைக் கார்ஃபிங்கல் எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார்.

ஆய்வாளருக்கும் ஷூட்ஸ் ஒரு கட்டுப்பாடு விதித்தார். மக்கள் ஏற்கெனவே வகைகளால் தம் உலகைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். சமூகவியலாளர் செய்யும் வகைகள் அவ்வகைகளின் மேல் எழுப்பப்பட்ட இரண்டாம் தளம். அந்த இரண்டாம் தள விளக்கம், அதில் பேசப்படும் மனிதருக்கே அவருடைய அன்றாட அறிவின்படி புரியத்தக்கதாக இருக்க வேண்டும். இதைப் பொருத்த விதி என்று சொல்லலாம். பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவற்றை இந்த விதியால் உரசிப் பார்க்கத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. யாருடைய கையிருப்பு எல்லோருக்கும் பொதுவானதாக அறிவிக்கப்படுகிறது, யாருடையது மதிப்பற்றதாகத் தள்ளப்படுகிறது என்ற அதிகாரக் கேள்வியை ஷூட்ஸ் ஆழமாகத் தொடவில்லை. பேருந்தில் எல்லோர் கையும் எல்லோர் பணத்தையும் வாங்கும் என்பது எப்போதும் எல்லா இடத்திலும் உண்மையாக இருந்ததில்லை என்பதை அறிந்த வாசகர்களுக்கு இந்த இடைவெளி உடனே கண்ணில் படும். அவர் கருவிகளை வைத்து அதைக் கேட்க முடியும், அவர் கேட்கவில்லை.

ஷூட்ஸ் 1959 மே 20 அன்று நியூயார்க்கில் காலமானார். அப்போது அவருடைய ஒரே நூல் ஆங்கிலத்தில் வந்திருக்கவில்லை. அது வந்தது 1967-இல். கட்டுரைகள் 1962 முதல் 1966 வரை மூன்று தொகுதிகளாயின. மூன்றாவதைப் பதிப்பித்தவர் அவருடைய மனைவி இல்ஸே. வாழ்வுலகின் அமைப்பைப் பற்றி எழுதத் திட்டமிட்டிருந்த பெருநூல் குறிப்பேடுகளாகவே நின்றுபோனது. அந்தக் குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு லுக்மன் எழுதி முடித்தார். இரண்டாம் தொகுதி ஜெர்மானிய மொழியில் 1984-இல் வெளிவந்தது. முடிந்ததாகக் கற்பனையில் கண்ட செயலே திட்டம் என்று எழுதியவரின் திட்டத்தை, அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, மாணவர் ஒருவர் முடித்து வைத்தார்.